வந்தவர் தங்க வேண்டுமே: சபை நடத்துகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

போதகர், மூப்பர், கமிட்டி உறுப்பினர், வீட்டுக் கூட்டம் நடத்துபவர் என்று சபைப் பொறுப்பில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எந்தச் சபைப் பிரிவையும் மனதில் வைத்து எழுதவில்லை. ஆயர், பாஸ்டர், குருவானவர் என்று உங்கள் சபையில் எப்படி அழைத்தாலும், இங்கே 'போதகர்' என்று வருகிற இடத்தில் அவரையே நினைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் கூடுகிறது, காணிக்கையும் வருகிறது. ஆரோக்கியமான சபை என்று சொல்ல இது போதாதா?

கூட்டம் வருவது நல்லதுதான். காலி இருக்கையைப் பார்த்து யாரும் சந்தோஷப்படுவதில்லை. ஆனால் நல்ல பாடகர் குழுவும் பேச்சுத் திறமை உள்ள ஒரு போதகரும் இருந்தாலே கூட்டம் வந்துவிடும். அதை வைத்துச் சபையின் உடல்நிலையைச் சொல்ல முடியாது. நானாக இருந்தால் வேறு கேள்விகள் கேட்பேன். மூன்று வாரமாக வராத ஒருவரை யாராவது தேடினார்களா? போதகரோடு ஒத்துப்போகாத கருத்தைக் கமிட்டியில் ஒருவர் பயமில்லாமல் சொல்ல முடிகிறதா? கணக்கைக் கேட்டால் முகம் கோணாமல் காட்டுகிறார்களா? வேலை இழந்தவர், நீண்ட நாள் நோயாளி, வீட்டோடு முடங்கிய முதியவர் என்று சபைக்குக் கொடுக்க எதுவும் இல்லாதவர்களை இன்னும் சபையாராகவே நடத்துகிறார்களா?

ஆதி சபையிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தில், கிரேக்கம் பேசிய யூத விதவைகள் அன்றாடப் பகிர்வில் விடுபட்டுப்போகிறார்கள் என்று முறுமுறுப்பு எழுகிறது. அப்போஸ்தலர்கள் 'ஒருவரையொருவர் நேசியுங்கள்' என்று ஒரு பிரசங்கம் செய்து ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொல்லி, அந்த வேலையை அவர்கள் கையில் கொடுத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா: ஏழும் கிரேக்கப் பெயர்கள். மனக்குறை இருந்த பக்கத்து ஆட்களிடமே பொறுப்பு போனது போலத்தான் தெரிகிறது. பெரும்பாலான சபைகளில் அன்புக்குக் குறைவில்லை, ஏற்பாட்டுக்குத்தான் குறைவு என்பது என் கருத்து. கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் இதையே சுற்றிச் சுற்றி வரும்.

எங்கள் சபையார் நல்லவர்கள், அன்பானவர்கள். அப்படியும் புதிதாக வருகிறவர்கள் இரண்டு மூன்று வாரத்தில் நின்றுவிடுகிறார்களே?

முதல் முறை வருகிற ஒருவரை மனதுக்குள் நிறுத்திப் பாருங்கள். தனியாக வருகிறார். வாசலில் ஒருவர் சிரித்து ஸ்தோத்திரம் சொல்லிக் கையில் ஒரு தாளைக் கொடுக்கிறார். கடைசி வரிசையில் ஓரமாக உட்காருகிறார். எல்லோரும் எழுந்து நிற்கும்போது அரை நொடி தாமதமாக எழுகிறார். எந்தப் புத்தகத்தில் எத்தனையாவது பாட்டு என்று தெரியாமல் பக்கத்து ஆளின் கையை எட்டிப் பார்க்கிறார். திருவிருந்து நேரம் வந்ததும் முன்னே போகலாமா, உட்கார்ந்தே இருக்க வேண்டுமா என்று குழம்புகிறார். யாரும் சொல்லவில்லை. ஆசீர்வாத ஜெபம் முடிகிறது. அதற்குப் பிறகு வருகிற ஐந்து நிமிடம்தான் மோசமானது. எல்லோரும் தெரிந்தவர்களைத் தேடிப் போய்க் கூட்டங்கூட்டமாக நின்று பேசுகிறார்கள். இவர் செருப்பை மாட்டுவது போலக் கொஞ்ச நேரம் குனிந்திருக்கிறார், கைபேசியை எடுத்துப் பார்க்கிறார், அப்புறம் போய்விடுகிறார்.

இவரை யாரும் அவமதிக்கவில்லை. அத்தனை பேரும் நல்லவர்கள்தான். வேறு யாராவது பேசியிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அதனால் அந்த ஐந்து நிமிடத்துக்கு ஆள் வையுங்கள். ஆராதனை முடிந்ததும் தெரிந்தவர்களிடம் போகாமல் முதலில் தெரியாத முகத்தைத் தேடிப் போவது என்று நாலைந்து பேர் ஒப்புக்கொண்டால் போதும். திருவிருந்துக்கும் காணிக்கைக்கும் முன்னால் யார் என்ன செய்யலாம் என்று நடத்துபவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடட்டும். பழகியவர்களுக்கு அது அலுப்பாக இருக்கும். இருக்கட்டும்.

முதல் வாரத்தை விட இரண்டாவது வாரம் முக்கியம். போன வாரம் கேட்ட பெயர் இந்த வாரம் நினைவில் இருக்கிறதா என்பதில்தான் வந்தவர் உங்களை எடைபோடுவார். மறதி உள்ளவர்கள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

புதியவர்களை எழுந்து நிற்கச் சொல்லி அறிமுகம் செய்யலாமா?

வேண்டாம். சிலருக்கு அது பிடிக்கும், பலருக்குப் பிடிக்காது. பிடிக்காதவர்கள் உங்களிடம் சொல்லவும் மாட்டார்கள், திரும்பி வரவும் மாட்டார்கள். துக்கத்தோடு வந்திருப்பவர், வேறொரு சபையில் காயப்பட்டு வந்திருப்பவர், சும்மா எட்டிப் பார்க்க வந்தவர் என எல்லோரையும் மைக்கின் முன் நிறுத்தாதீர்கள். 'புதிதாக வந்திருப்பவர்களை வரவேற்கிறோம், முடிந்ததும் வாசல் பக்கம் இன்னார் இருப்பார், பேச விருப்பமுள்ளவர்கள் அவரைப் பார்க்கலாம்' என்றால் போதும்.

வாசலில் யாரை நிறுத்துவது?

பொதுவாக வாலிபர்களை நிறுத்திவிடுகிறோம். 6-ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் என்ற துறவி தம் மடங்களுக்கு எழுதிய ஒழுங்கில் இதற்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. வாசலில் விவேகமுள்ள ஒரு முதியவரை வைக்கச் சொல்கிறார். செய்தியை வாங்கவும் பதில் சொல்லவும் தெரிந்தவராக, அங்கே இங்கே அலையாத வயதுடையவராக இருக்க வேண்டுமாம். யாராவது கதவைத் தட்டினால் அவர் முதலில் சொல்ல வேண்டியது 'தேவனுக்கு நன்றி'. விருந்தாளிகளைக் கிறிஸ்துவையே வரவேற்பது போல வரவேற்க வேண்டும் என்று இன்னொரு அதிகாரத்தில் எழுதியிருக்கிறார்.

எனக்கும் அதே எண்ணம்தான். பதற்றமில்லாத, ஒரு ஆளோடு இரண்டு நிமிடம் நின்று பேசத் தெரிந்த ஒருவர் வேண்டும். வயது அவ்வளவு முக்கியமில்லை. சபைக்கு வந்து ஓராண்டுதான் ஆன ஒருவரையும் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள். புதிதாக வருவது எப்படி இருக்கும் என்று அவருக்கு இன்னும் மறந்திருக்காது.

சபை வளர்ந்துவிட்டது. எல்லோரையும் தனித்தனியாகப் பார்க்கப் போதகரால் முடியவில்லை. என்ன செய்வது?

முடியாததுதான். ஒரு மனிதனால் நிலையாகப் பேணக்கூடிய உறவுகள் ஏறக்குறைய 150 என்று ராபின் டன்பார் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1990களில் ஒரு கணக்குச் சொன்னார். அந்த எண்ணைப் பற்றி வாதங்கள் உண்டு. ஆனால் ஒரு எல்லை இருக்கிறது என்பது சபை நடத்துகிற எவருக்கும் தெரியும். காலை முதல் மாலை வரை தனியாக உட்கார்ந்து வழக்குக் கேட்ட மோசேயைப் பார்த்து, நீயும் தொய்ந்துபோவாய், உன்னோடிருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்று மாமனார் எத்திரோ சொன்னார். ஆயிரம், நூறு, ஐம்பது, பத்து பேருக்கென்று தலைவர்களை வைக்கச் சொன்னதும் அவர்தான்.

சரித்திரத்தில் இதற்கு இரண்டு வழிகள் நடந்து காட்டப்பட்டிருக்கின்றன. 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கிடர்மின்ஸ்டரில் போதகராக இருந்த ரிச்சர்ட் பாக்ஸ்டர், திங்களையும் செவ்வாயையும் குடும்பங்களுக்கென்றே ஒதுக்கினார். அவரும் உதவியாளரும் சேர்ந்து வாரத்துக்குப் பதினைந்து பதினாறு குடும்பங்கள் வீதம் பேசி, 800-க்கும் மேற்பட்ட குடும்பங்களை ஓராண்டில் சந்தித்துவிடலாம் என்று திட்டம் போட்டார்கள். அட்டவணை போட்டு, நாள் ஒதுக்கிச் செய்தால் ஒரு போதகரால் எவ்வளவு முடியும் என்பதற்கு அது சாட்சி.

இன்னொன்று, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் வழி. அது தற்செயலாகப் பிறந்தது. 1742-இல் பிரிஸ்டலில் ஜெபவீடு கட்டிய கடனை அடைக்க, பன்னிரண்டு பேருக்கு ஒருவர் பொறுப்பெடுத்து ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிப்பது என்று ஏற்பாடு செய்தார்கள். காசு வாங்க வீடு வீடாகப் போனவர்களுக்குத்தான் யார் வீட்டில் சண்டை, யார் குடிக்கிறார், யார் மனம் உடைந்திருக்கிறார் என்பதெல்லாம் தெரியவந்தது. கடன் வசூல் ஏற்பாடு மேய்ப்பு ஏற்பாடாக மாறியது. அதை நடத்தியவர்கள் படித்துப் பட்டம் பெற்ற குருமார் அல்ல, சாதாரண சபையார். உங்கள் சபையிலும் ஒவ்வொரு பத்துப் பன்னிரண்டு பேருக்கும், 'இந்த வாரம் இவர் எப்படி இருக்கிறார்?' என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் தினமும் வசனம் அனுப்புவதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சிறு குழுக்கள் நாளடைவில் தனிக் கூட்டமாகிவிடுகின்றனவே?

ஆகும். ஐந்து வருடம் ஒன்றாக இருந்தவர்களுக்குள் புதிதாக ஒருவர் நுழைவது கஷ்டம். குழு நிறைந்ததும் பிரிப்பது என்ற முடிவைத் தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள். நடுவில் சொன்னால் தண்டனை போலத் தோன்றும்.

பணமும் படிப்பும் உள்ளவர்களைத்தான் முன்னால் உட்கார வைக்கிறார்கள் என்று சிலர் குறைப்படுகிறார்கள். மிகைப்படுத்துகிறார்களோ?

அநேகமாக இல்லை. யாக்கோபு 2-ஆம் அதிகாரத்தில் காட்டுகிற காட்சி இன்றும் அப்படியே நடக்கிறது. பொன்மோதிரமும் மினுக்குள்ள வஸ்திரமும் தரித்தவருக்கு நல்ல இடம். அழுக்கான வஸ்திரம் தரித்த தரித்திரருக்கு 'நீ அங்கே நில்லு'. கொரிந்து சபையில் கர்த்தருடைய பந்தியிலேயே ஒருவர் பசியாயிருக்க இன்னொருவர் குடித்து வெறித்திருந்தார் என்று பவுல் கடிந்துகொண்டார். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பல ஆலயங்களில் இருக்கைகளுக்கு வாடகையே இருந்தது. வாடகை கட்டிய குடும்பத்துக்கு நல்ல வரிசை, முடியாதவர்களுக்கு மிச்சமிருந்த இலவச இடங்கள்.

இப்போது வாடகை இல்லை, ஆனால் வேறு விதமாக நடக்கிறது. யாரை வேதபாடம் வாசிக்க அழைக்கிறோம், யார் வீட்டு நிகழ்ச்சிக்குப் போதகர் தவறாமல் போகிறார், யார் பெயர் நன்றி அறிவிப்பில் வருகிறது என்று ஒரு வருடத்துக்குக் குறித்து வைத்துப் பாருங்கள். வாதமே வேண்டாம், அந்தத் தாள் பேசிவிடும்.

பெயர்ப் பட்டியல் என்றதும் ஆதி சபைகளில் ஒன்றான அந்தியோகியா சபை நினைவுக்கு வருகிறது. அப்போஸ்தலர் 13-இன் தொடக்கத்தில் அந்தச் சபையின் தலைவர்கள் பெயர் இருக்கிறது. சீப்புருத் தீவைச் சேர்ந்த பர்னபா, நீகர் எனப்பட்ட சிமியோன், சிரேனே ஊரானாகிய லூகி, ஏரோதோடு கூட வளர்க்கப்பட்ட மனாயீன், ஒரு காலத்தில் சபையைத் துன்பப்படுத்திய சவுல். வெவ்வேறு ஊர், வெவ்வேறு பின்னணி. வருகிறவர்களில் பலவிதமானவர்கள் இருந்தும், முடிவெடுக்கிற மேசையைச் சுற்றி ஒரே வகையானவர்கள் உட்கார்ந்திருந்தால், வாசலில் எவ்வளவு சிரித்து வரவேற்றும் பிரயோஜனமில்லை.

சக்கர நாற்காலியில் வருபவர், காது கேளாதவர்?

படிக்கட்டு மட்டுமே உள்ள வாசல், 'வராதே' என்று சொல்லாமல் சொல்கிறது. சாய்தளம், பெரிய எழுத்தில் பாட்டு, ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் இடம் என்று செய்ய வேண்டியவற்றை நீங்களாக ஊகிக்க வேண்டாம். அவர்களிடமே கேளுங்கள்.

ஒரு பழைய குடும்பமே சபையில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. எப்படிச் சமாளிப்பது?

இது புதிதல்ல. யோவானின் மூன்றாம் நிருபத்தில் தியோத்திரேப்பு என்று ஒருவர் வருகிறார். அவருக்கு முதன்மையாயிருக்க விருப்பம். வருகிற சகோதரர்களைத் தானும் ஏற்றுக்கொள்வதில்லை, ஏற்றுக்கொள்ள மனதுள்ளவர்களையும் தடுத்து, சபைக்குப் புறம்பாக்குகிறார். அதிகார ஆசையும் விருந்தாளிகளை அடைக்கிற கதவும் ஒரே ஆளிடம் இருந்தன என்பதைக் கவனியுங்கள்.

அதே சமயம், நியாயமாகப் பார்த்தால், அந்தப் பழைய குடும்பம் யாரும் இல்லாத நாளில் கதவைத் திறந்து, பெருக்கி, விளக்கைப் போட்டுச் சபையைக் காப்பாற்றியதாகவும் இருக்கலாம். வில்லனாக்கி ஒதுக்கினால் சபை பிளக்கும். பொறுப்புகளுக்குக் காலவரை வைப்பதுதான் நல்ல வழி. மூன்று ஆண்டு, அதற்கு மேல் ஒரு முறை நீட்டிப்பு, பிறகு கட்டாய இடைவெளி என்று எல்லாப் பதவிக்கும் ஒரே விதி. யார் முகத்தையும் பார்த்துப் போட்ட விதியாக அது இருக்கக்கூடாது. சாவி, வங்கிக் கணக்கு, மைக் மூன்றும் ஒரே வீட்டில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பண விஷயத்தில் எவ்வளவு வெளிப்படையாக இருக்க வேண்டும்?

எவ்வளவு முடியுமோ அவ்வளவு. எருசலேம் பரிசுத்தவான்களுக்கான (அங்கிருந்த ஏழை விசுவாசிகளுக்கான) நன்கொடையைக் கொண்டுபோகும்போது பவுல் அதைத் தீத்துவின் கையில் மட்டும் விடவில்லை. சபைகள் நியமித்த இன்னொரு சகோதரரையும் கூட அனுப்பினார். ஒருவரும் குற்றம் சொல்ல இடம் இருக்கக்கூடாது, கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாகச் செய்ய வேண்டும் என்று காரணத்தையும் எழுதிவைத்தார். பவுலையே நம்பலாம் என்றிருந்த இடத்தில் பவுல் இப்படிச் செய்தார்.

நடைமுறை எளிதுதான். காணிக்கைப் பையை ஒருவர் தனியாக வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடாது. உறவினர் அல்லாத இருவர், அதே கட்டிடத்தில், அன்றே எண்ணி, எழுதி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். எண்ணுகிறவர் வேறு, வங்கியில் கட்டுகிறவர் வேறு, கணக்கு எழுதுகிறவர் வேறு. வருடம் ஒருமுறை வெளியாள் தணிக்கை. போதகரின் சம்பளத்தைக் குழு தீர்மானிக்க வேண்டும், போதகரோ அவர் குடும்பத்தாரோ அல்ல. 'எங்களை நம்பவில்லையா?' என்று யாராவது கோபித்தால், சந்தேகத்திலிருந்து அவரைக் காப்பாற்றுவதற்குத்தான் இந்த ஏற்பாடு என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதான்.

யார் எவ்வளவு கொடுத்தார் என்பதைப் போதகர் அறியாமல் இருப்பது நல்லது என்பது என் சொந்தக் கருத்து. தெரிந்தபின் முகத்தில் காட்டாமல் இருக்க எல்லோராலும் முடியாது.

சபைக்குள் சண்டை வந்தால்?

மத்தேயு 18-இல் வழி இருக்கிறது. முதலில் தனியாக, பிறகு ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, அதற்கும் பிறகு சபைக்கு. நாம் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் பத்துப் பேரிடம் சொல்லி, கடைசியில்தான் சம்பந்தப்பட்டவரிடம் போகிறோம், அதுவும் 'ஜெபக் குறிப்பு' என்ற பெயரில். உங்களிடம் யாராவது இன்னொருவரைப் பற்றிக் குறை சொல்ல வந்தால், 'அவரிடம் பேசினீர்களா, நானும் கூட வரட்டுமா?' என்று கேளுங்கள். பாதிப் புகார்கள் அங்கேயே நின்றுவிடும்.

எல்லாப் பிரிவும் தோல்வி அல்ல. மாற்குவைக் கூட்டிக்கொண்டு போவதா வேண்டாமா என்று பவுலும் பர்னபாவும் கடுமையாக முட்டிக்கொண்டு வேறு வேறு வழி போனார்கள். பிற்காலத்தில் அதே மாற்குவைத் தமக்குப் பிரயோஜனமானவர் என்று சொல்லி அழைத்துவரச் சொல்கிறார் பவுல்.

ஆனால் ஒன்று. குழந்தையை ஒருவர் தவறாகத் தொட்டார், ஒரு பெண்ணைத் துன்புறுத்தினார் என்றால், மத்தேயு 18-ஐக் காட்டி 'முதலில் தனியாகப் பேசுங்கள்' என்று பாதிக்கப்பட்டவரை அனுப்பாதீர்கள். அது குற்றம், சபைப் பிணக்கு அல்ல. காவல்துறைக்கோ குழந்தைப் பாதுகாப்பு அதிகாரிகளுக்கோ உடனே தெரிவியுங்கள். குற்றம் சாட்டப்பட்டவரைப் பொறுப்பிலிருந்து விலக்கி வையுங்கள். சபையின் பெயர் கெட்டுவிடும் என்று மூடி மறைத்த இடங்களில்தான் பெயரோடு பிள்ளைகளின் வாழ்க்கையும் கெட்டது.

பிள்ளைகள் பாதுகாப்புக்கு வேறு என்ன செய்யலாம்?

ஓய்வுநாள் பள்ளி வகுப்பில் எப்போதும் உறவினர் அல்லாத இரண்டு பெரியவர்கள் இருக்கட்டும். கதவில் கண்ணாடி இருக்கட்டும், இல்லாவிட்டால் கதவு திறந்திருக்கட்டும். புதிதாக வந்தவரை உடனே பிள்ளைகளிடம் அனுப்ப வேண்டாம். குறைந்தது ஆறு மாதம் பழகிய பிறகு, முந்தைய சபையில் விசாரித்த பிறகு அனுப்பலாம். ஆள் பற்றாக்குறை என்ற காரணத்துக்காக இந்த விதியை மட்டும் தளர்த்தாதீர்கள். ஆள் இல்லையென்றால் அன்று வகுப்பே வேண்டாம், பிள்ளைகள் பெற்றோரோடு உட்காரட்டும்.

பிரசங்கம் எவ்வளவு நேரம் இருக்கலாம்?

பவுல் துரோவாவில் நடுராத்திரி வரை பேசினார். ஐத்திகு என்ற வாலிபன் தூக்க மயக்கத்தில் மூன்றாம் மாடியின் ஜன்னலிலிருந்து விழுந்தான். பவுலால் அவனை உயிரோடு எழுப்ப முடிந்தது. அந்த வரம் இல்லாதவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

வாலிபர்களை எப்படித் தக்கவைப்பது?

அவர்களுக்காக நிகழ்ச்சி நடத்துவதை விட, அவர்கள் கையில் உண்மையான வேலையைக் கொடுப்பது பலன் தரும். நாற்காலி அடுக்குவதும் புரொஜெக்டர் பார்ப்பதும் மட்டும் வேலை அல்ல. கமிட்டியில் இரண்டு இடம் கொடுங்கள், அங்கே அவர்கள் பேசுவதைக் கேளுங்கள். முக்கியமான காரியங்களில் மடத்தில் உள்ள அனைவரையும் கூட்டிக் கேட்கச் சொன்ன பெனடிக்ட், எது நல்லது என்பதைக் கர்த்தர் பல முறை இளையவருக்கே வெளிப்படுத்துகிறார் என்று காரணம் எழுதினார். அதே சமயம், 'நூதன சீஷனை', அதாவது விசுவாசத்துக்குப் புதிதாக வந்தவரை, மேலே தூக்கி வைக்க வேண்டாம் என்று 1 தீமோத்தேயு எச்சரிக்கிறது. நன்றாகக் கிதார் வாசிக்கிறான் என்பதற்காக இருபது வயதுப் பையனைத் தலைவனாக்கி, பிறகு அவன் தடுமாறும்போது அதிர்ச்சி அடைவதில் நியாயமில்லை.

போதகர் சோர்ந்துவிட்டார் என்று தெரிகிறது. சபை என்ன செய்யலாம்?

சூரைச்செடியின் கீழ் 'போதும் கர்த்தாவே' என்று படுத்த எலியாவுக்குத் தூதன் முதலில் உபதேசம் செய்யவில்லை. தூங்க விட்டான், எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், மறுபடி தூங்க விட்டான், மறுபடி சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையில் தேவன் அவரோடு பேசியது அதற்கெல்லாம் பிறகுதான்.

ஆகவே வாரம் ஒருநாள் போதகரைக் கூப்பிடாதீர்கள். மரணம், விபத்து தவிர மற்றதெல்லாம் மறுநாள் வரை காத்திருக்கும். வருட விடுப்பைச் சபையே முன்கூட்டித் தேதி குறித்துக் கொடுக்கட்டும், கேட்டால் தரலாம் என்றிருந்தால் பல போதகர்கள் கேட்கவே மாட்டார்கள். போதகரின் மனைவியைச் சம்பளமில்லாத இரண்டாவது ஊழியராக நினைக்காதீர்கள். போதகரும் தம் பாரத்தைச் சொல்ல, சபைக்கு வெளியே ஒரு மூத்த போதகரை வைத்துக்கொள்ள வேண்டும். தூக்கமின்மை, வெறுமை, சாக வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு அல்ல.

ஒருவர் சபையை விட்டுப் போனால் பின்தொடர்ந்து போய்ப் பேசலாமா?

ஒருமுறை கண்டிப்பாகப் பேசுங்கள், ஆனால் திரும்ப இழுப்பதற்காக அல்ல. 'எங்களால் ஏதாவது மனவருத்தமா?' என்று கேட்டுவிட்டு, பதில் வரும்போது விளக்கம் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருங்கள். வேறு சபைக்குப் போகிறார் என்றால் ஆசீர்வதித்து அனுப்புங்கள். மேடையிலிருந்து ஜாடையாகக் குத்திப் பேசினால், அதைக் கேட்கிற மற்றவர்கள் 'நாளைக்கு நமக்கும் இதுதான்' என்று குறித்துக்கொள்வார்கள்.

போதகர் மாறப் போகிறார். சபை சிதறாமல் இருக்க என்ன செய்யலாம்?

போகிறவர் நாள் குறித்துச் சொல்லட்டும். சபையாரின் விவரம், வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டிய நோயாளிகள், பாதியில் நிற்கும் ஆலோசனைகள், கணக்கு, சாவி எல்லாம் எழுத்தில் கைமாற வேண்டும். ரகசியமாகச் சொல்லப்பட்டவை மட்டும், சொன்னவர் சம்மதித்தால் ஒழிய, கைமாறக்கூடாது. யோசுவாவை மோசே எல்லோர் கண் முன்பாகவும் நிறுத்திக் கைவைத்துப் பொறுப்புக் கொடுத்தது போல, வருகிறவரைப் போகிறவரே சபையாரின் முன் அறிமுகம் செய்தால் பாதிச் சந்தேகம் போய்விடும்.

அதற்குப் பிறகு பழைய போதகர் குறைந்தது ஒரு வருடமாவது அந்தச் சபையின் திருமணம், ஞானஸ்நானம், அடக்க ஆராதனை எதையும் நடத்தாமல் ஒதுங்கி இருக்கட்டும். யாராவது அழைத்தால், 'உங்கள் போதகரிடம் கேளுங்கள்' என்று அனுப்பட்டும். புதியவர் முதல் ஆறு மாதத்தில் ஆராதனை நேரத்தையோ பாட்டுப் புத்தகத்தையோ மாற்ற வேண்டாம். அந்த ஆறு மாதமும் வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து கேட்பதற்கே சரியாக இருக்கும்.